பெரிய லெவல்ல ஆடுனவன் அம்பயரானா நல்ல அம்பயரா? (தர்மசேனா, வெங்கட், ரீஃபெல் எல்லாரையும் இழுக்கலாம்)

பனங்காட்டு_ஸ்பின்னர் (சாயல்குடி)

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடுற ஒரு விஷயம், இங்க போட்டா நாலு பேரு நாலு விதமா சொல்லுவீங்கன்னு போடுறேன். இன்டர்நேஷனல் ஆடிட்டு ரிட்டயர் ஆயி அம்பயரா வர்றவங்க, ஆடாமலே அம்பயரானவங்கள விட உண்மையிலயே நல்லா முடிவு சொல்றாங்களா, இல்ல நம்மளா ஒரு மரியாதைக்கு அப்புடி நெனச்சுக்கிறோமா?

கேக்குறதுக்கு காரணம் இருக்கு. தடைக்காலம் வந்துட்டா நம்ம கரையோரம் பூராம் டோர்னமென்ட்தான், ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு எதுவும் போகாது, பயலுக சும்மா கெடப்பானுங்களா. இந்த வாட்டி எங்க கமிட்டில புதுசா ஒண்ணு பேசுறானுங்க, "டிஸ்ட்ரிக்ட் லெவலாச்சும் ஆடுனவருதான் அம்பயரா நிக்கணும், மத்தவன் நின்னா அப்பீலுக்கு அப்பீல் சண்டை வருது"ன்னு. எனக்கு அது சரியாப் படல. ஸ்ரீலங்கா தர்மசேனாவ விட பெரிய உதாரணம் வேணுமா? 31 டெஸ்ட், 141 ஒன்டே ஆடுன ஆளு, வேர்ல்டு கப் ஜெயிச்ச டீம்ல இருந்த ஆளு, 2019 வேர்ல்டு கப் ஃபைனல்ல அம்பயரா நின்னு ஒரு ஓவர்த்ரோவுக்கு ரன்ன கூட்டிக் குடுத்தது ஊருக்கே தெரியும்.

தொண்டிக்காரன்

ஆரம்பிச்சிட்டியா 😀 அந்த ஒரு ஓவர்த்ரோவ வச்சு இன்னும் எத்தன வருசம் அந்த மனுசனத் திட்டுவீங்க. அதே தர்மசேனா 2012லயும் 2018லயும் ஐசிசியோட பெஸ்ட் அம்பயர் அவார்டு வாங்குனவரு, அதச் சொல்ல மாட்டீங்களே. 1996 ஃபைனல்ல ஆடி, 2015 ஃபைனல்ல அம்பயரா நின்னாரு, அப்புடி ரெண்டையும் செஞ்ச மொத ஆளு அவருதான். சும்மா கூப்புட்டுக் குடுத்துருவானா?

நமக்கு அவர் மேல காண்டு எங்கேந்து வருதுன்னு எனக்குத் தெரியும். 1996 வேர்ல்டு கப், கல்கத்தா செமி ஃபைனல். சச்சின் 65ல ஸ்டம்பிங் ஆனதும் உள்ள வந்த அசாருதீன முட்டைக்கு காட் அண்ட் போல்டு பண்ணுனது யாரு? அந்தக் கடுப்பு இன்னும் எறங்கல.

கீழக்கரை_காக்கா (இப்ப துபாய்)

தம்பி தொண்டி, அந்த மேட்ச்ச எங்க தெருவுல ஸ்ரீலங்கா டிவி ரூபவாஹினிலதான் பாத்தோம். மொட்டமாடி ஆன்டெனாவ தெக்கால திருப்பி வச்சா தூர்தர்ஷன விட அது தெளிவா வரும் நம்ம பக்கம், இப்ப உள்ள பிள்ளைகளுக்கு அது தெரியாது. அதுனாலயே எங்க வயசுக்காரனுக்கு ஸ்ரீலங்கா பிளேயர் எல்லாம் பக்கத்து ஊரு ஆளு மாதிரி. தர்மசேனா பெரிய டர்ன் எல்லாம் இல்லாத பவுலர், வேகமா ஃப்ளாட்டா ஸ்டம்புக்கு ஸ்டம்பு போட்டு ரன்ன அமுக்குவாரு, நடுவுல 1998ல ஆக்ஷன் மேல கம்ப்ளைன்ட் வந்து மாத்திக்கிட்டு திரும்ப வந்தாரு. ஸ்டம்ப் லைன்லயே பொழப்பு நடத்துன ஆளு எல்பிடபிள்யூ சொல்றதுக்கு லாயக்குதான்.

ஆனா ஸ்பின்னரு கேக்குற கேள்வி நல்ல கேள்வி. தர்மசேனாவ மட்டும் வச்சுப் பேசக் கூடாது, வெங்கட்ராகவன விட்டுட்டு இந்தப் பேச்சே கெடையாது.

பனங்காட்டு_ஸ்பின்னர்

காக்கா, வெங்கட் பத்தி நீங்களே எழுதுங்க. எங்களுக்கு அவரு அம்பயரா வந்தது மட்டும் அரைகுறையா தெரியும்.

கீழக்கரை_காக்கா (இப்ப துபாய்)

எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

வெங்கட் மெட்ராஸ்காரரு, கிண்டி இஞ்சினியரிங் காலேஜ்ல படிச்சவரு. 1965ல நியூசிலாந்துக்கு எதிரா டெஸ்ட்ல எறங்குனாரு, அதே சீரிஸ்ல டெல்லில ஒரு இன்னிங்ஸ்ல 72 ரன்னுக்கு 8 விக்கெட். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்னு நாலு பேரு, அதுல யாராச்சும் ஒருத்தர் வெளிய உக்காரணும்னா பெரும்பாலும் இவரும் பிரசன்னாவும்தான் மாத்தி மாத்தி உக்காருவாங்க, ரெண்டு பேருமே ஆஃப் ஸ்பின். 1971ல வாடேகர் கேப்டனா வெஸ்ட் இண்டீஸ்லயும் இங்கிலாந்துலயும் சீரிஸ் ஜெயிச்சப்ப இவருதான் வைஸ் கேப்டன். 1975, 1979 ரெண்டு வேர்ல்டு கப்புக்கும் கேப்டன். 1979ல டெஸ்ட் அந்தஸ்தே இல்லாத ஸ்ரீலங்காகிட்ட தோத்த டீமுக்கும் இவருதான் கேப்டன்ங்கிறது வேற விஷயம் (அன்னைக்கு ராமேஸ்வரத்துலேந்து தலைமன்னாரு வரைக்கும் சத்தம் கேட்டுருக்கும்). அதே வருசம் இங்கிலாந்து டூர் முடிஞ்சு திரும்பி வர்றப்ப, ஃப்ளைட்டுக்குள்ள பைலட் அறிவிப்புல தான் கேப்டன் பதவி போயிருச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டாரு, கவாஸ்கருக்குக் குடுத்துட்டாங்க. 1983ல கடைசி டெஸ்ட். மொத்தம் 57 டெஸ்ட், 156 விக்கெட்.

இம்புட்டும் பாத்தவரு, போதும்டா சாமின்னு வீட்ல உக்காந்துருக்கலாம். 1993 ஜனவரில கல்கத்தா டெஸ்ட்ல வெள்ளக் கோட்டு போட்டு வந்து நிக்கிறாரு. அப்புறம் 2004 வரைக்கும் 73 டெஸ்ட், 52 ஒன்டே. ஆடுன டெஸ்ட்ட விட நின்ன டெஸ்ட் ஜாஸ்தி, அத யோசிச்சுப் பாருங்க. 2002ல ஐசிசி எலைட் பேனல்னு டாப் அம்பயருங்க குழுவ ஆரம்பிச்சப்ப அதுல இருந்தாரு. ஆஷஸ்லயே வெள்ளக்காரனும் ஆஸ்திரேலியாக்காரனும் அடிச்சுக்கிறப்ப நடுவுல நம்மூரு ஆளு நின்னாரு.

உச்சிப்புளி_மைக்

காக்கா கமென்டரி சூப்பர், எனக்குப் போட்டியா வந்துருவாரு போல 😂

எனக்கு ஒரு டவுட்டு. கேப்டனா இருந்தவன், வைஸ் கேப்டனா இருந்தவன், எதுக்கு நாள் பூரா வெயில்ல நின்னு 22 பேருகிட்ட பேச்சு வாங்கணும்? நம்ம பக்கம் ஆடி முடிச்சவன் எவனும் அம்பயரா வர மாட்டேங்கிறான், எல்லாரும் என் மைக்கத்தான் புடுங்க வர்றானுங்க. பந்தல்ல நிழல்ல உக்காந்து சோடா குடிச்சுக்கிட்டு "அருமையான ஆட்டம் அருமையான ஆட்டம்"னு கத்துறதுதான் சொகம்.

மண்டபம்_டீச்சர்

மைக் தம்பி, நீங்க காமெடியா சொன்னாலும் அதுல ஒரு உண்மை இருக்கு. பேட்ஸ்மேனா பேரு வாங்குனவங்க ரிட்டயர் ஆனா நேரா கமென்டரி பாக்ஸ், கோச்சிங்னு போயிடுறாங்க. அம்பயரா வந்தவங்க லிஸ்ட்ட பாருங்க. வெங்கட் ஆஃப் ஸ்பின். தர்மசேனா ஆஃப் ஸ்பின். இங்கிலாந்து ரிச்சர்டு இல்லிங்வொர்த் லெஃப்ட் ஆர்ம் ஸ்பின். ஸ்ரீலங்கா அசோகா டி சில்வா லெக் ஸ்பின். பீட்டர் வில்லி பேட்டிங் பண்ணுவாரு, கூடவே ஆஃப் ஸ்பின்னும் போடுவாரு. ஆஸ்திரேலியா பால் ரீஃபெல் மீடியம் பேஸ். இயான் கூல்டு விக்கெட் கீப்பர்.

நான் ஸ்கூல் டீமுக்கு ஸ்கோர் எழுதி எழுதி இத கவனிச்சிருக்கேன். பவுலர் ஒவ்வொரு பால் போட்டு முடிச்சதும் அம்பயர் பக்கத்துலேந்துதான் பாக்குறாரு, அம்பயர் பாக்குற அதே கோட்டுல. ஸ்பின்னர் இன்னும் கிட்ட நின்னு பாக்குறாரு, ரன் அப்பே நாலஞ்சு எட்டுதான். பந்து எங்க பிட்ச் ஆச்சு, பேடுல எங்க பட்டுச்சு, ஸ்டம்புக்கு போயிருக்குமா, இதையே வாழ்க்க பூரா பாத்த கண்ணு. கீப்பர் அதே கோட்ட எதிர்ப்பக்கத்துலேந்து பாக்குறவரு. பேட்ஸ்மேன் மட்டுந்தான் அந்தக் கோட்டுக்கு வெளிய சைடா நிக்கிறாரு. அதுனால ஆடுனவரா ஆடாதவரான்னு பாக்குறத விட, என்னவா ஆடுனாருன்னு பாக்கணும்னு நான் சொல்லுவேன். மார்க் பென்சன் பேட்ஸ்மேன்தான், அவரு ஒரு விதிவிலக்கு.

பனங்காட்டு_ஸ்பின்னர்

டீச்சர் நானும் ஸ்பின்னருதான், அப்ப நானே நிக்கலாமா 😎

மண்டபம்_டீச்சர்

நீங்க அப்பீல் பண்றத பாத்திருக்கேன் தம்பி. வேணாம்.

தொண்டிக்காரன்

😂😂😂

தங்கச்சிமடம்_லெஃப்டி

டீச்சர் சொல்றது கேக்க நல்லா இருக்கு ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். சைமன் டாஃபல் என்ன ஆடுனாரு? ஃபர்ஸ்ட் கிளாஸ் கூட ஆடல. 2004லேந்து 2008 வரைக்கும் வருசா வருசம் அவருக்குத்தான் பெஸ்ட் அம்பயர் அவார்டு, வரிசையா அஞ்சு. அதுக்கு அப்புறம் மூணு வருசம் அலீம் தார், அவரு பாகிஸ்தான்ல ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆடுனவரு, இன்டர்நேஷனல் இல்ல, 145 டெஸ்ட் நின்னுருக்காரு, அது ரெக்கார்டு. ஆக ஒலகத்துலயே டாப்பு ரெண்டு பேரும் இன்டர்நேஷனல் ஆடாதவனுங்க. கமிட்டி ரூல் படி பாத்தா டாஃபல் சாயல்குடில ஒரு மேட்ச் கூட நிக்க முடியாது.

இன்னொண்ணு, 2016 சிட்டகாங் டெஸ்ட், பங்களாதேஷ் இங்கிலாந்து. தர்மசேனா குடுத்த முடிவுல 16 ரிவ்யூக்கு போச்சு, அதுல 8 மாறிருச்சு. ஸ்பின்னரு கண்ணு ஸ்பின்னரு கண்ணுன்னீங்களே, அது முழுக்க ஸ்பின்னு ஓடுன மேட்ச்சு. அப்ப எங்க போச்சு அந்தக் கண்ணு?

கீழக்கரை_காக்கா (இப்ப துபாய்)

லெஃப்டி தம்பி பாயிண்ட்டா வர்றாரு. அதுக்கு ஒண்ணு சொல்றேன், 16ல 8 சரியாவும் இருந்துச்சு, அதையும் சேத்துக்க. அந்த மாதிரி பிட்ச்சுல பேட்ட சுத்தி நாலு ஃபீல்டரு, பேடா பேட்டா எதுல மொதல்ல பட்டுச்சுன்னு கண்ணு சொல்லும் முன்னாடி காதுல நாலு பேரு கத்துவான். அதுக்கு அப்புறம் ரெண்டு வருசம் கழிச்சு அதே ஆளு மறுபடி பெஸ்ட் அம்பயர் வாங்குனாரு. ஒரு மேட்ச் அப்புடி அடி வாங்குன பெறகு அடுத்த டெஸ்ட்ல போயி நின்னு வெரல தூக்குறதுக்கு தனி நெஞ்சு வேணும். பிளேயரா இருந்தப்ப ஃபார்ம் போயி டீம்ல தூக்கி மறுபடி உள்ள வந்த பழக்கம் இருக்குறவனுக்கு அது கொஞ்சம் ஈசின்னு நான் நெனைக்கிறேன். ஆடுனதுனால கெடைக்கிற லாபம் கண்ணுல இல்ல தம்பி, தோல்லதான்.

வெங்கட் காலத்துல ரிவ்யூ கேட்டு முடிவ மாத்துற டிஆர்எஸ்ஸே கெடையாது, 2008லதான் அது மொதல்ல வந்துச்சு. அவரு தப்பா குடுத்தா தப்புதான், ரைட்டா குடுத்தா ரைட்டுதான், மாத்த முடியாது. எது கஷ்டம்னு நீங்களே சொல்லுங்க.

பனங்காட்டு_ஸ்பின்னர்

2019 மேட்டர விட்டுட்டு எல்லாரும் நைசா நழுவுறீங்க. அத யாராச்சும் ரூல் படி சொல்லுங்கப்பா. ஆறா அஞ்சா?

மண்டபம்_டீச்சர்

அஞ்சு.

சட்டம் 19.8. ஃபீல்டர் எறிஞ்ச பந்து பவுண்டரிக்கு போனா, அந்த நாலு ரன்னு, அதுக்கு முன்னாடி ஓடி முடிச்ச ரன்னு, அது கூட ஓடிக்கிட்டிருக்க ரன்னு. ஆனா அந்த கடைசி ரன்னு சேரணும்னா, ஃபீல்டர் பந்த கையவிட்டு எறியிற அந்த நொடில ரெண்டு பேட்ஸ்மேனும் ஒருத்தர ஒருத்தர் தாண்டியிருக்கணும். நியூசிலாந்து கப்டில் டீப் மிட்விக்கெட்லேந்து எறிஞ்சப்ப இங்கிலாந்து ஸ்டோக்ஸும் ரஷீதும் ரெண்டாவது ரன்னுக்கு இன்னும் தாண்டல. அதுனால 1 + 4. தர்மசேனா 6 குடுத்தாரு.

இதுல ரன்னு மட்டும் இல்ல, ஸ்ட்ரைக்கும் மாறும். 3 பால்ல 9 வேணும்னு இருந்துச்சு. 6 குடுத்ததால 2 பால்ல 3, ஸ்டோக்ஸ் ஸ்ட்ரைக். 5 குடுத்திருந்தா 2 பால்ல 4, ரஷீத் ஸ்ட்ரைக். மேட்ச் 241ல டை, சூப்பர் ஓவர் 15க்கு 15 டை, கடைசில பவுண்டரி எண்ணி 26க்கு 17னு இங்கிலாந்துக்கு கப்பு. டாஃபலே அது தப்புன்னு சொன்னாரு. தர்மசேனாவும் அப்புறம் டிவில பாத்தப்ப தப்புன்னு தெரியுதுன்னு ஸ்ரீலங்கா பேப்பருக்கு சொன்னாரு, ஆனா கிரவுண்டுல டிவி ரீப்ளே பாக்குற வசதி இல்ல, வருத்தம் இல்லைன்னும் சொன்னாரு.

தொண்டிக்காரன்

டீச்சர் சட்டம் எல்லாம் சரிதான், ஒரு ப்ராக்டிகல் கேள்வி. பந்து டீப்லேந்து வருது, ஸ்டோக்ஸ் டைவ் அடிக்கிறான், ரன் அவுட்டான்னு கிரீஸ பாக்கணும், அதே நொடில அம்புட்டு தூரத்துல அங்கிட்டு ஃபீல்டர் கையிலேந்து பந்து எப்ப விட்டுச்சுன்னும் பாக்கணும், பேட்ஸ்மேன் ரெண்டு பேரும் பிட்ச்சு நடுவுல தாண்டிட்டானான்னும் பாக்கணும். ஒரு மனுசனுக்கு எத்தன கண்ணு? அந்த எடத்துல ஆடுனவன் ஆடாதவன் எல்லாம் ஒண்ணுதான். கூட இருந்த எராஸ்மஸும், மேல உக்காந்திருந்த டிவி அம்பயரும் ஒண்ணும் சொல்லலையே.

மண்டபம்_டீச்சர்

அதுதான் என் பாயிண்ட்டும். அம்பயரிங் ஒரு தனி வேல. பவுலர் ஓடி வர்றப்ப முன்னங்கால் கோட்டுக்குப் பின்னாடி ஏதாச்சும் ஒரு பாகம் இருக்கான்னு பாக்கணும், உடனே கண்ணத் தூக்கி பந்த புடிக்கணும், காத தனியா திறந்து வச்சிருக்கணும், அது முடிஞ்சதும் ஓடுனா ஓரமா சைடுக்கு போயி கிரீஸ பாக்கணும். முன்னங்கால் நோபால பாக்குறது 2020க்கு அப்புறம் படிப்படியா இன்டர்நேஷனல்ல டிவி அம்பயர் கைக்கு போயிருச்சு, ஏன்னா ரெண்டையும் சேத்து பாக்குறது அம்புட்டு கஷ்டம்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. 2019 ஐபிஎல்ல பெங்களூர்ல மலிங்கா போட்ட கடைசி பால் நோபால்னு ரீப்ளேல தெரிஞ்சு கோலி காட்டமா பேசுனது ஞாபகம் இருக்கும்.

ஆடுனவங்களுக்கு இதுல ஒரு தொல்லையும் இருக்கு. பந்தோட போற கண்ணு அவங்களோடது. ஷாட்டு அடிச்சதும் பந்து போற திசைல தல தானா திரும்பிரும். அம்பயர் அங்க பாக்கக் கூடாது. அந்தப் பழக்கத்த அழிக்கணும்.

உச்சிப்புளி_மைக்

டீச்சர் எங்க ஊரு அம்பயரு ஒருத்தரு சிக்ஸர் போறப்ப கைய தட்டிருவாரு, அப்புறமாத்தான் சிக்னல் காட்டுவாரு.

தங்கச்சிமடம்_லெஃப்டி

ரீஃபெல் பத்தி யாரும் பேசலியே. அவரு கத படம் எடுக்கலாம். 1999 வேர்ல்டு கப் செமி, எட்ஜ்பாஸ்டன், ஆஸ்திரேலியா 213 தென்னாப்பிரிக்கா 213. 49வது ஓவர்ல மெக்ராத் பால தென்னாப்பிரிக்கா குளூஸ்னர் தூக்குனான், லாங் ஆன்ல ரீஃபெல் கையில பட்டு, கையத் தாண்டி சிக்ஸு போச்சு. அத புடிச்சிருந்தா மேட்ச் அங்கயே முடிஞ்சுருக்கும், கடைசி ஓவர்ல டொனால்டு ரன் அவுட்டே நடந்துருக்காது. அப்புறம் கப்பும் ஜெயிச்சானுங்க, ஆளும் தப்பிச்சாரு. இப்ப பாத்தா எலைட் பேனல்ல அம்பயரு.

2025ல லார்ட்ஸ்ல நம்ம ஆளுங்க மேட்ச்சுல அவருக்கு விழுந்த திட்டு இருக்கே, அஸ்வினே யூட்யூப்ல வறுத்தெடுத்தாரு.

கீழக்கரை_காக்கா (இப்ப துபாய்)

தம்பி, அந்த 1999 மேட்ச்சுல அம்பயரா நின்னது யாருன்னு தெரியுமா? டேவிட் ஷெப்பர்டும் நம்ம வெங்கட்டும். வெங்கட் அம்பயரு, ரீஃபெல் ஃபீல்டரு, ஒரே கிரவுண்டு.

தங்கச்சிமடம்_லெஃப்டி

காக்கா செம!!! இது எனக்கு தெரியாது. டொனால்டு பேட்ட கீழ போட்டுட்டு நின்ன அந்த ஓவர்லயா?

கீழக்கரை_காக்கா (இப்ப துபாய்)

ஆமா அதே மேட்ச்தான். எல்லாரும் டொனால்டு மூஞ்சிய பாத்துக்கிட்டிருந்தோம், அம்பயர எவன் பாத்தான். அதுதான் அந்த வேலையோட ராசி, சரியா செஞ்சா பேரே வெளிய வராது. ஷெப்பர்டு பேராச்சும் 111 மாதிரி நெல்சன் ஸ்கோருக்கு ஒத்தக் கால்ல நிக்கிறதுனால ஞாபகம் இருக்கும், வெங்கட் அப்புடி ஒரு சேட்டையும் பண்ண மாட்டாரு, வெறப்பா நிப்பாரு.

ரீஃபெல்லுக்கு இன்னொரு சம்பவமும் உண்டு. 2016 டிசம்பர்ல வான்கடேல இந்தியா இங்கிலாந்து டெஸ்ட், புவனேஷ்வர் எறிஞ்ச பந்து பின்மண்டைல அடிச்சு கீழ விழுந்துட்டாரு, அப்புறம் அந்த டெஸ்ட்ல நிக்கவே இல்ல. ஆடுன காலத்துல கூட அப்புடி அடி வாங்கிருக்க மாட்டாரு.

தொண்டிக்காரன்

காக்கா இல்லிங்வொர்த்தயும் சேத்துக்கங்க. 1992 ஃபைனல்ல இங்கிலாந்துக்கு ஆடுனாரு, 2023 அகமதாபாத் ஃபைனல்ல அம்பயரா நின்னாரு. நம்ம நெஞ்சு ஒடஞ்ச அன்னைக்கு அவருதான் நின்னாருங்கிறதால அதிகம் பேச வேணாம். டெஸ்ட்ல போட்ட மொத பால்லயே விக்கெட் எடுத்த ஆளு அவரு, 1991ல ஃபில் சிம்மன்ஸ்.

தர்மசேனாவுக்கு திரும்ப வர்றேன், ஓவல்ல 2025ல நம்ம சாய் சுதர்சனுக்கு எல்பி கேட்டப்ப நாட் அவுட்னு சொல்லிட்டு வெரலால எட்ஜ் இருந்துச்சுன்னு ஜாடை காட்டுனாரு, பெரிய சண்டை ஆச்சு. ரிவ்யூ எடுக்க 15 செகண்டு இருக்குறப்ப ஃபீல்டிங் சைடுக்கு அது துப்பு குடுத்த மாதிரின்னு. எனக்கு அது பழைய பிளேயர் பழக்கமா தெரியுது. "ஏம்பா, பேட்ல பட்டுச்சுப்பா"ன்னு பவுலர்கிட்ட சொல்றது அந்தக் காலத்துல எல்லா அம்பயரும் பண்ணுனதுதான, டிஆர்எஸ் வந்த பெறகுதான் அது குத்தமாச்சு. ஆடுனவன் அம்பயரா வந்தா ஒரு நல்லது இதுதான், பவுலர்கிட்ட மனுசனா பேசுவான்.

பனங்காட்டு_ஸ்பின்னர்

மனுசனா பேசி ரிவ்யூவ காலி பண்ணிட்டானே அதுதான கேஸு 😀

உச்சிப்புளி_மைக்

எல்லாரும் லண்டன்லயே சுத்துறீங்க, நம்ம கரைக்கு வாங்க. நம்ம பக்கம் அம்பயருக்கு மெயின் எதிரி பேட்ஸ்மேனும் இல்ல பவுலரும் இல்ல, காத்து. ஜூன்ல கச்சான் காத்து அடிக்க ஆரம்பிச்சா பெயில்ஸ் ஸ்டம்புல ரெண்டு பால் தங்காது. எட்ஜ் சத்தம் கேக்கவே கேக்காது, டென்னிஸ் பால் வேற. போன சீசன்ல ஒரு மேட்ச்சுல பெயில்ஸ் தானா விழுந்து, அதே டயத்துல கீப்பர் கைல பந்து இருந்து, ஸ்டம்பிங்னு ஒரு அர மணி நேரம் சண்டை. அங்க பாம்பன் பாலத்துல காத்து 58 கிலோமீட்டர் தாண்டுனா ரயில நிறுத்துவாங்கன்னு சொல்லுவாங்க, நாங்க மேட்ச்ச நிறுத்த மாட்டோம்.

மண்டபம்_டீச்சர்

மைக், பெயில்ஸ் இல்லாம ஆடலாம். சட்டத்துல இடம் இருக்கு, காத்து ஜாஸ்தின்னா ரெண்டு அம்பயரும் சேந்து முடிவு பண்ணி ரெண்டு பக்கமும் எடுத்துடலாம், ஒரு பக்கம் மட்டும் எடுக்கக் கூடாது. அப்புறம் ஸ்டம்புல பந்து பட்டுச்சா, விக்கெட் ஒடஞ்ச மாதிரிதானான்னு அம்பயர் சொல்றதுதான் முடிவு.

2019 ஆஷஸ், ஓல்டு டிராஃபோர்டு டெஸ்ட் மொத நாளு காத்து தாங்காம பெயில்ஸ எடுத்துட்டு ஆடுனாங்க. எடுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க? தர்மசேனாவும் எராஸ்மஸும். ஃபைனல்ல நின்ன அதே ரெண்டு பேரு, ரெண்டு மாசம் கூட ஆகல.

உச்சிப்புளி_மைக்

டீச்சர் இத நான் மைக்ல சொல்லியே தீருவேன். "தர்மசேனா ரூல் படி பெயில்ஸ் எடுக்கப்படுகிறது"ன்னு.

தங்கச்சிமடம்_லெஃப்டி

சரி சீரியஸா ஒண்ணு கேக்குறேன். அண்ணன்மாரே, அக்கா, நம்ம ஊருலேந்து ஒருத்தன் அம்பயரா போகணும்னா வழி என்ன? எனக்கு முட்டி போச்சு, இனி லீக் எல்லாம் ஆட முடியாது. கடலுக்கும் போயிக்கிட்டு இதையும் பாக்க முடியுமா. அப்பா கேட்டா ரெண்டையும் விட்டுட்டு ஐஸ் கம்பெனில நில்லுங்கிறாரு.

கீழக்கரை_காக்கா (இப்ப துபாய்)

முடியும் தம்பி. மாவட்ட சங்கத்துல கேளு, ஸ்டேட் அசோசியேஷன் தேர்வு எப்ப வைக்கிறாங்கன்னு. அது பாஸானா மாநில லெவல் மேட்ச்சு நிக்கலாம். அதுக்கு மேல பிசிசிஐ தேர்வு, எழுத்து, வாய்மொழி, வீடியோ பாத்து பதில் சொல்றது, உடல் தகுதி எல்லாம் உண்டு. லேசு இல்ல. 2022ல அகமதாபாத்துல வச்சப்ப 140 பேரு எழுதி 3 பேருதான் தேறுனாங்க. ஒரு கேள்வி பேப்பர்ல எல்லாம் வந்துச்சு: பிட்ச்சு மேல பெவிலியன் நெழலோ மரத்து நெழலோ ஃபீல்டர் நெழலோ விழுது, பேட்ஸ்மேன் கம்ப்ளைன்ட் பண்றான், என்ன செய்வ?

தங்கச்சிமடம்_லெஃப்டி

மரத்த வெட்ட சொல்லுவேன் 😅

கீழக்கரை_காக்கா (இப்ப துபாய்)

ஃபெயிலு. பெவிலியன் நெழலும் மரத்து நெழலும் கணக்குல இல்ல, ஆடுன்னு சொல்லணும். ஃபீல்டர் நெழலுன்னா அவன ஆடாம அசையாம நிக்கச் சொல்லணும், அசைஞ்சா டெட் பால், அதாவது பந்து ஆட்டத்துல இல்லைன்னு அர்த்தம். பாரு, இதுக்கு இன்டர்நேஷனல் ஆடிருக்க வேண்டியதில்ல, சட்டப் புத்தகத்த கரைச்சுக் குடிச்சிருக்கணும்.

ஆனா ஆடுனவங்களுக்கு இப்பவும் ஒரு கதவு தெறந்துதான் இருக்கு. 2008 அண்டர் 19 வேர்ல்டு கப்ல கோலி கேப்டனா ஜெயிச்ச டீம்ல ரன்னு குவிச்ச தன்மய் ஸ்ரீவத்சவா ஞாபகம் இருக்கா, 2025 ஐபிஎல்ல அம்பயரா நின்னாரு. ஐபிஎல்ல ஆடிட்டு ஐபிஎல்லயே அம்பயரா வந்தவரு. கூட ஆடுன கோலி இன்னும் ஆடிக்கிட்டிருக்காரு, இவரு இந்தப் பக்கம் வந்துட்டாரு. அந்த மனசு எல்லாருக்கும் வராது.

பனங்காட்டு_ஸ்பின்னர்

கமிட்டி வாட்ஸப் குரூப்ல இந்த இழையோட லிங்க்க போட்டேன். ஒரு மணி நேரம் அடிச்சுக்கிட்டாங்க. இப்ப பேச்சு எங்க நிக்குதுன்னா, ஒரு எண்ட்ல ஆடுனவரு, இன்னொரு எண்ட்ல ஆடாட்டியும் சட்டம் தெரிஞ்சவரு. எதிர் டீம் ஊருக்காரன் ஒருத்தன் கேக்குறான், ரெண்டு பேரும் சாயல்குடின்னா நாங்க எதுக்கு வரணும்னு. நியாயம்தான். டெஸ்ட்லயே 1994ல ஒருத்தரு வெளிநாட்டு அம்பயரு, 2002ல ரெண்டு பேரும் வெளிநாடுன்னு கொண்டு வந்தது இதுக்குத்தான. அதுனால சட்டம் தெரிஞ்சவர மண்டபத்துலேந்து கூப்புடலாம்னு நான் சொல்லிட்டேன். டீச்சர், கைய தூக்குறீங்களா?

மண்டபம்_டீச்சர்

ஞாயித்துக்கிழமன்னா வரலாம். ஆனா சொன்னா சொன்னதுதான், கூட்டமா பிட்ச்சுக்குள்ள வந்து நின்னா நான் ஸ்கோர் நோட்ட மூடிட்டு பஸ் ஏறிருவேன். எங்க வீட்டுக்காரரு கூட வருவாரு.

தொண்டிக்காரன்

டீச்சர் வந்தா ஸ்பின்னரு அப்பீல் பண்ணவே பயப்படுவான், மேட்ச் வெள்ளன முடிஞ்சிரும்.

உச்சிப்புளி_மைக்

ரெண்டே ரெண்டு கேள்வி டீச்சர், இப்பவே கேட்டுக்கிறேன், அன்னைக்கு மைக்ல கேட்டா அடிப்பாங்க. பந்து கடலுக்குள்ள போயிருச்சுன்னா என்ன? எங்க ஆளுங்க ஆறு ரன்னுன்னு சொல்லுவாங்க. அப்புறம் லாங் ஆஃப்ல ஒரு பனமரம் கிரவுண்டுக்குள்ளயே நிக்கிது, அதுல பட்டா நாலா இல்லையா?

மண்டபம்_டீச்சர்

கடல் உங்க எல்லைக் கோட்டுக்கு அங்கிட்டுன்னா அது சாதாரண பவுண்டரி, உருண்டு போனா நாலு, நேரா விழுந்தா ஆறு. கோட்டுக்கு உள்ளயே தொலஞ்சாதான் கேள்வி. முன்னாடி லாஸ்ட் பால்னு தனி சட்டம் இருந்துச்சு, அந்த ஆறு ரன் கணக்கு அங்கேந்து வந்தது. 2017ல அத எடுத்துட்டு டெட் பால்ல சேத்துட்டாங்க.

பனமரம் தானா பவுண்டரி ஆகாது. அத பவுண்டரியா எடுக்கணும்னா டாஸுக்கு முன்னாடியே அம்பயர் முடிவு பண்ணி ரெண்டு கேப்டனுக்கும் சொல்லிரணும். இல்லைன்னா மரத்துல பட்டு உள்ள விழுந்த பந்து ஆட்டத்துலதான் இருக்கு, ஓடணும்.

பனங்காட்டு_ஸ்பின்னர்

மரம் பவுண்டரி இல்ல டீச்சர். போன வருசம் அதுல பட்டு திரும்பி வந்த பந்த நான்தான் எடுத்து ரன் அவுட் பண்ணுனேன், அத மாத்த விட மாட்டேன்.